தகப்பன் தடுத்த கொங்கா, மகன் கொட்டின கொங்கா

கியூபாவின் கிழக்குப் பக்கத்தில் சாந்தியாகோ எண்டொரு துறைமுக நகரம் இருக்கு. 1920களில் அந்த நகரத்தின் மேயராக இருந்தவர் டெசிடெரியோ ஆர்னாஸ். வருஷா வருஷம் யூலை மாதத்தில் அங்கே கார்னிவல் நடக்கும். கறுப்பு மக்கள் வாழும் பேட்டைகளில் இருந்து மேளக்கூட்டம் புறப்படும். பின்னால் சனம் தெருவை நிறைத்துக்கொண்டு ஆடிவரும். அந்த ஊர்வலத்துக்கும், அதன் தாளத்துக்கும், அந்த ஆட்டத்துக்கும் ஒரே பேர்தான்: கொங்கா. மேயருக்கு அது பிடிக்கவில்லை. நாகரிகமான ஒரு நகரத்துக்கு இந்தக் கூத்து பொருந்தாது எண்டு சொல்லி, கொங்காவைத் தடைசெய்து கட்டளை போட்டார்.

1939 ஒக்டோபர் 18. நியூயோர்க் புரோட்வேயின் இம்பீரியல் தியேட்டர். ‘டூ மெனி கேர்ள்ஸ்’ எண்ட இசை நகைச்சுவை நாடகத்தின் முதல் நாள். இசை ரிச்சர்ட் ரொஜர்ஸ், பாடல்கள் லொரென்ஸ் ஹார்ட், இயக்கம் ஜோர்ஜ் அபொட். அந்தக் காலத்தில் புரோட்வேயில் இதைவிடப் பெரிய பேர்கள் குறைவு. மேடையில் 22 வயதுப் பெடியன் ஒருவன் தோளில் நீட்டு மேளத்தை மாட்டிக்கொண்டு கொங்கா கொட்டுறான். ஆட்டக்காரர் எல்லாரும் அவனோடு சேர்ந்து துள்ளுகிறார்கள். சபை கைதட்டுது. அந்தப் பெடியனின் முழுப்பேரும் டெசிடெரியோ ஆர்னாஸ்தான். மேயரின் மகன். பிறகு உலகம் அவரை டெசி ஆர்னாஸ் எண்டு அறிந்தது.

இதை ஒரு நல்ல குடும்பப் பகிடி எண்டு சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்தப் பகிடிக்குள் லத்தீன் நடனங்களின் நூறு வருஷக் கதை இருக்கு எண்டு நாங்கள் நினைக்கிறோம். லத்தீன் நடனம் ‘வளர்ந்த’ விதத்தைக் கொண்டாடும் மேடை நிகழ்ச்சிகள் உலகம் முழுக்க நடக்கின்றன. ரும்பாவில் தொடங்கி, மம்போ வந்து, சா-சா-சா வந்து, சல்சாவில் முடியும். மினுங்கும் உடுப்பு, வேகமான இடுப்பு, இடையிடையே நகைச்சுவை. பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அந்த மேடைக் கதையில் ஒரு நடனம் இன்னொரு நடனமாகத் தானாகவே மாறிவிடுது, மரத்தில் பூ காயாகிற மாதிரி. உண்மையில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவில் ஒரு தடை இருந்தது, அல்லது பூட்டின கதவு இருந்தது, அல்லது ஒரு வியாபாரம் இருந்தது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் கதைக்கப் போகிறோம்.

பொலிஸ் பறித்த மேளங்கள்

கியூபாவில் அடிமைமுறை 1886இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முந்தின காலத்தில் கரும்புத் தோட்டங்களுக்கு என்று கொங்கோப் பகுதியில் இருந்தும், யொருபா மக்களின் ஊர்களில் இருந்தும், மேற்கு ஆபிரிக்காவின் வேறு இடங்களில் இருந்தும் லட்சக்கணக்கான மனிதர் கப்பலில் கொண்டுவரப்பட்டார்கள். நகரங்களில் அவர்களுக்கு ‘கபில்தோ’ எண்ட சங்கங்கள் இருந்தன. ஒரே ஊரில் இருந்து வந்தவர்கள் கூடி, தங்கட பாஷையில் பாடி, தங்கட தெய்வங்களுக்கு மேளம் அடிச்ச இடம் அது. கியூப இசையின் வேர் எங்கே எண்டு தேடினால் அங்கேதான் போய் நிற்கவேண்டும்.

1847இல் இருந்து சீனாவில் இருந்தும் ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்த ஒரு குழல், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாந்தியாகோவின் கொங்காவுக்குள் புகுந்தது. ‘கொர்னெத்தா சீனா’ எண்டு பேர். எங்கட நாதஸ்வரம் மாதிரியே சீவாளி வைத்து ஊதுகிற வாத்தியம். மேளச் சத்தத்துக்கு மேலால் எழும்பிக் கேட்கும். இண்டைக்கும் சாந்தியாகோவின் கொங்காவை அந்தக் குழல் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது. ஆபிரிக்க மேளமும் சீனக் குழலும் ஒரே தெருவில்: இரண்டு பக்கமும் கூலிகளும் அடிமைகளும்.

குடியரசு வந்த பிறகும் மேளத்துக்கு விடுதலை கிடைக்கவில்லை. புதிய கியூபாவை வெள்ளை நாடாகக் காட்டவேண்டும் எண்ட ஆசை மேல்தட்டுக்கு இருந்தது. ஹவானாவின் தெரு ஊர்வலங்கள் 1910களிலேயே நிறுத்தப்பட்டன. கறுப்பு மக்களின் சடங்குகளுக்குள் பொலிஸ் புகுந்து மேளங்களைப் பறித்துக்கொண்டு போனது. சாந்தியாகோ மேயரின் கட்டளை இந்தப் பெரிய கதையின் ஒரு பக்கம் மட்டுந்தான்.

1937இல் ஹவானாவின் ஊர்வலங்களுக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது. ஆபிரிக்க-கியூபப் பண்பாட்டை ஆராய்ந்த பெர்னாண்டோ ஒர்த்திஸ் அதற்கு ஆதரவாகக் கருத்துக் கொடுத்தார். அதோடு இன்னொரு காரணமும் இருந்தது. அமெரிக்க உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கி இருந்தார்கள். அவர்களுக்குக் காட்ட ஏதாவது வேணும். நேற்றுவரை வெட்கமாக இருந்தது, இண்டைக்கு வருமானம்.

சலூனுக்குள் நுழைந்த தாளம்

தெருவில் மேளம் தடுக்கப்பட்ட காலத்திலும் தாளத்தைத் தடுக்க முடியவில்லை. அது வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு பணக்காரரின் ஹோலுக்குள் போனது. 1791இல் ஹெய்ட்டியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது, அங்கிருந்து தப்பின பிரெஞ்சுத் தோட்டக்காரர்களும் அவர்களோடு வந்த கறுப்பு மக்களும் கிழக்குக் கியூபாவுக்கு வந்தார்கள். பிரெஞ்சுக்காரரின் ‘கொந்த்ரடான்ஸ்’ நடனமும் கூடவே வந்தது. ஜோடிகள் வரிசையில் நின்று மரியாதையாக ஆடும் ஐரோப்பிய நடனம். அதை வாசித்தவர்களில் பலர் கறுப்பு இசைக்கலைஞர்கள். அவர்கள் வாசிக்க வாசிக்க, அந்தத் தாளம் நேராக நடப்பதை விட்டு, ஒரு இடத்தில் சாய்ந்து, ஒரு இடத்தில் துள்ளத் தொடங்கியது.

அதில் இருந்து வந்ததுதான் டன்சோன். 1879 சனவரி 1ஆம் திகதி மத்தான்சாஸ் நகரத்தில் மிகேல் ஃபைல்தே எண்ட கலப்பின இசைக்கலைஞர் முதல் டன்சோனை வாசித்ததாகக் கியூபர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஜோடி கட்டிப்பிடித்து ஆடும் நடனம் எண்டதால் பத்திரிகைகள் திட்டின. ‘ஆபிரிக்கத்தனம்’ எண்டு பழித்தன. அதே டன்சோன்தான் பிறகு கியூபாவின் தேசிய நடனம் எண்டு போற்றப்பட்டது. இந்த ஒழுங்கைக் கவனியுங்கோ: முதலில் திட்டு, பிறகு தடை, பிறகு விற்பனை, கடைசியில் தேசியப் பெருமை. இது திரும்பத் திரும்ப வரும்.

கிழக்கு மலைப்பக்கத்தில் இருந்து ‘சோன்’ வந்தது. கிற்றாரும், பொங்கோ மேளமும், இரண்டு மரக்குச்சிகளும். அந்தக் குச்சிகளுக்குப் பேர் கிளாவே. இரண்டு அளவுக்குள் ஐந்து தட்டு: ஒரு பக்கத்தில் மூன்று, மறுபக்கத்தில் இரண்டு. கேட்க லேசாக இருக்கும். ஆனால் பாடகர், மேளக்காரர், ஆடுபவர் எல்லாரும் அந்த ஐந்து தட்டுக்குள்தான் தங்கட இடத்தைக் கண்டுபிடிக்க வேணும். எங்கட மிருதங்கக்காரருக்கு ஆவர்த்தனம் மாதிரி. அதில் பிழை விட்டால் மற்றது எல்லாம் சரியாக இருந்தும் பிரயோசனம் இல்லை.

1938இல் ஒரெஸ்தெஸ் லோபெஸ் ஒரு டன்சோனுக்கு ‘மம்போ’ எண்டு பேர் வைத்தார். கொங்கோப் பாஷைகளோடு தொடர்புள்ள சொல். அதன் கடைசிப் பகுதியில் வாத்தியங்கள் ஒரே சிறு துண்டைத் திரும்பத் திரும்பச் சுழற்றி வாசிக்க, ஆடுகிறவர்களுக்கு இடம் திறந்தது. அவரின் தம்பி ‘கச்சாவோ’ எண்ட இஸ்ரயேல் லோபெஸும் அந்தக் குழுவில்தான். கண் தெரியாத இசைமேதை ஆர்செனியோ ரொட்ரிகெஸ் அதே காலத்தில் சோன் குழுவுக்குள் கூடுதல் ட்ரம்பெட்களையும், பியானோவையும், கொங்கா மேளத்தையும் சேர்த்துப் பாரமாக்கினார். 1940களின் கடைசியில் பெரெஸ் பிராதோ மெக்சிக்கோவுக்குப் போய், மம்போவைப் பெரிய பித்தளை வாத்தியக் குழுவில் உறுமவிட்டு உலகம் முழுக்க விற்றார்.

மம்போ வேகம் கூடினது; எல்லாராலும் ஆட முடியவில்லை. என்ரிக்கே ஹொரின் எண்ட வயலின்காரர் இதைக் கவனித்தார். மெட்டின் துள்ளலைக் குறைத்து, கால் வைக்கவேண்டிய இடத்திலேயே சுரத்தையும் வைத்தார். ஆடுபவர்கள் நடுவில் வேகமாக மூன்று சின்ன அடி போட்டார்கள். அந்த மூன்று அடியில் சப்பாத்து நிலத்தில் உரசின சத்தம்: சா, சா, சா. 1950களின் தொடக்கத்தில் ஒரு நடனத்துக்குச் சனத்தின் கால்தான் பேர் வைத்தது.

பேர் மாறி விற்பனை

நியூயோர்க்குக்கு இவை எப்பிடிப் போயின? 1930 ஏப்ரலில் டொன் அஸ்பியாசுவின் ஹவானாக் குழு நியூயோர்க் பலஸ் தியேட்டரில் ‘எல் மனிசெரோ’ பாட்டைப் பாடியது. கச்சான் விற்பவனின் பாட்டு. பாடினவர் அந்தோனியோ மச்சின், கறுப்பினத்தவர். இசைத்தட்டு வெளிவந்து நாடெங்கும் பரவினது. பாட்டு உண்மையில் சோன் வகை. ஆனால் அமெரிக்கக் கொம்பனி அதை ‘ரும்பா’ எண்டு எழுதி விற்றது.

உண்மையான ரும்பா வேறு. அது ஹவானாவிலும் மத்தான்சாஸிலும் ஏழைகள் நெருக்கமாக வாழ்ந்த முற்றங்களில் பிறந்தது. மேளமும், குச்சியும், குரலும் மட்டும். மரப்பெட்டியே மேளம் ஆன சந்தர்ப்பங்களும் உண்டு. யம்பூ, குவாகுவான்கோ, கொலம்பியா எண்டு மூன்று வகை. அமெரிக்காவில் ஹோட்டல் மண்டபங்களில் ‘ரும்பா’ எண்டு ஆடினதுக்கும் இதுக்கும் பெரிதாகச் சம்பந்தம் இல்லை. 1947இல் லண்டன் நடன ஆசிரியர் பியேர் ஹவானாவுக்குப் போய்ப் பார்த்து, திரும்பிவந்து தன் கூட்டாளி டொரிஸ் லவெல்லோடு சேர்ந்து அடிகளை ஒழுங்குபடுத்தினார். போட்டி நடனப் பாடத்தில் இண்டைக்கும் ரும்பா எண்டு சொல்லப்படுவது அந்த வழியில் வந்தது. அதன் உள்ளிருப்பது பொலேரோவும் சோனும். பேர் முற்றத்துச் சனத்துடையது, அடி வேறொன்றுடையது.

டெசி ஆர்னாஸின் கதையும் இந்த இடத்தில்தான் வருகுது. 1933இல் சர்வாதிகாரி மச்சாதோவின் ஆட்சி கவிழ்ந்தது. அவர் பக்கம் நின்ற ஆர்னாஸ் குடும்பத்தின் வீடு சூறையாடப்பட்டது. தகப்பன் சிறைக்குப் போனார், வெளியே வந்து மியாமிக்குத் தப்பினார். மகனும் போய்ச் சேர்ந்தான். சொத்து எல்லாம் போன அகதிகள். அந்தப் பெடியன் குருவிக் கூடு கழுவிற வேலைகூடச் செய்தான். பிறகு ஒரு சின்ன இசைக்குழுவில் சேர்ந்து, சேவியர் குகாட்டிடம் கொஞ்சக் காலம் பாடி, மியாமிக்குத் திரும்பி வந்தபோது கையில் இருந்தது ஒரே ஒரு யோசனை: ஊரில் தெருவில் பார்த்த கொங்கா. மூன்று அடி முன்னால், நாலாவதில் ஒரு உதை. முன்னால் நிற்பவரின் இடுப்பைப் பிடித்து நீளமாக வரிசை கட்டினால் போதும். பயிற்சி வேண்டாம். குடிச்சிருந்தாலும் ஆடலாம்.

தகப்பனின் கட்டளையால் தெருவில் ஆட முடியாமல் போன சனம் சாந்தியாகோவில் இருக்க, மகன் அதைக் கடற்கரை ஹோட்டல்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். நாங்கள் டெசி ஆர்னாஸை வில்லனாக்க வரவில்லை. எல்லாம் இழந்து வந்த ஒருவன் தனக்குத் தெரிஞ்சதை வைத்துப் பிழைத்தான். ஆனால் ஒன்று விளங்கவேண்டும். அதே காலத்தில் அதே மியாமி ஹோட்டல்களில் ஒரு கறுப்புக் கியூபன் அந்த மேளத்தோடு வந்திருந்தால் முன்வாசலால் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். அங்கே நிறப்பிரிவினை சட்டமாக இருந்தது. கொங்கா உள்ளே போகலாம், கொங்காவைப் பெற்றவர் போக முடியாது.

சிரிப்பு எண்ட அனுமதிச் சீட்டு

‘டூ மெனி கேர்ள்ஸ்’ஸின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். பணக்காரத் தகப்பன் ஒருவர் மகளை நியூ மெக்சிக்கோவில் உள்ள ஒரு கல்லூரிக்கு அனுப்புகிறார். அவளுக்குத் தெரியாமல் நாலு காற்பந்தாட்டக்காரரைக் காவலுக்கு வைக்கிறார். அந்த நாலு பேரில் ஒருவன் தென்னமெரிக்காக்காரன்: டெசி ஆர்னாஸ். லத்தீன் ஆள் எண்டால் பெண்களுக்குப் பின்னால் சுற்றுபவன், ஆங்கிலம் உடைச்சுக் கதைப்பவன், மேளம் கொட்டுபவன். எந்த நாட்டவன் எண்டது முக்கியமில்லை. தென்னமெரிக்கப் பாத்திரத்தைக் கியூபன் நடிக்கலாம், கியூபத் தாளத்தை அவன் கொட்டலாம். புரோட்வேக்கு எல்லாம் ஒன்றுதான்.

இதே நாடகத்தில் புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த டியோசா கோஸ்டெலோ எண்ட நடிகையும் ஆடினார். புரோட்வேயின் மேடைக்கு வந்த முதல் புவேர்ட்டோ ரிக்கர்களில் ஒருவர் அவர். நாடகத்தில் இருந்த ஒரு பாட்டின் தலைப்பிலேயே, ஸ்பானிஷ் பேசும் மக்களை இழிவாகக் கூப்பிடும் சொல் ஒன்று சிலேடையாக வைக்கப்பட்டிருந்தது. எழுதினது ஹார்ட் மாதிரி ஒரு பெரிய பாடலாசிரியர். சபையில் ஒருவரும் எழும்பிப் போனதாகத் தெரியவில்லை. சிரிப்பு எண்டது அந்தக் காலத்தில் லத்தீன் கலைஞருக்கு மேடைக்கான அனுமதிச் சீட்டு. அதைக் காட்டினால் உள்ளே போகலாம். ஆனால் அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கு எண்டு தீர்மானிப்பது அவர் இல்லை.

249 காட்சிகள் ஓடின. 1940இல் படமாக வந்தது. அந்தப் படப்பிடிப்பில்தான் ஆர்னாஸ் லூசில் போலைச் சந்தித்தார். 1951இல் இருவரும் ‘ஐ லவ் லூசி’ தொலைக்காட்சித் தொடரைத் தொடங்கினார்கள். வெள்ளை அமெரிக்கப் பெண்ணுக்குக் கியூபக் கணவன் எண்டால் சனம் நம்பாது எண்டு நிலையத்தார் தயங்கினார்கள். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதுவும் ஒரு கதவு திறந்ததுதான், மறுக்க மாட்டோம். அந்தத் தொடரில் ஆர்னாஸ் மேளம் தட்டிப் பாடி எல்லாருக்கும் பழக்கமான ‘பபாலு’ பாட்டு, யொருபா மரபில் நோய்க்கும் குணத்துக்கும் உரிய தெய்வத்தின் பேரில் அமைந்தது. மார்கரீத்தா லெக்குவோனா எழுதினது. ஆர்னாஸுக்கு முதலே அதைப் பாடிப் பேர் எடுத்தவர் மிகுவேலிட்டோ வால்டெஸ். ஹவானாவில் பொலிஸ் தேடி வந்து மேளம் பறித்த அதே வழிபாட்டின் தெய்வம், அமெரிக்க வீட்டு வரவேற்பறையில் பகிடித் தொடரில் வந்து போனார்.

ஒரு மாடிப்படி

எல்லாக் கதையும் இப்பிடி இல்லை. புரோட்வேயும் 53ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில், நாடக அரங்குகளில் இருந்து நடந்து போற தூரத்தில், ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் பலேடியம் எண்டொரு நடன மண்டபம் இருந்தது. 1940களின் கடைசியில் வியாபாரம் படுத்திருந்ததால், முதலாளி லத்தீன் இசைக்குக் கதவைத் திறந்தார். வரிசை கட்டி வந்தது சனம். ஹார்லெமில் இருந்து கறுப்பினத்தவர், கிழக்கு ஹார்லெமில் இருந்து புவேர்ட்டோ ரிக்கர், புருக்ளினில் இருந்து யூதரும் இத்தாலியரும். நகரத்தின் நல்ல மண்டபங்கள் பலவற்றில் நிறம் பார்த்து ஆளை விட்ட காலம். பலேடியத்தில் பார்த்தது ஒன்றுதான்: ஆடத் தெரியுமா?

மேடையில் மச்சித்தோ, டிட்டோ புவெந்தே, டிட்டோ ரொட்ரிகெஸ் ஆகிய மூவரின் குழுக்கள். மச்சித்தோவும் அவரின் மைத்துனர் மரியோ பௌசாவும் 1940இல் தொடங்கின குழுவுக்கு வைத்த பேர் ‘மச்சித்தோவும் ஆபிரிக்க-கியூபர்களும்’. கியூபாவிலேயே ஆபிரிக்கா எண்ட சொல்லை மறைத்த காலத்தில், நியூயோர்க்கில் அதைப் பலகையில் எழுதி மாட்டினார்கள். கியூபத் தாளத்துக்கு மேல் ஜாஸ் வாசித்தார்கள். கியூபத் தாளத்தை அலங்காரமாக ஒட்டாமல், கிளாவேயையே அடித்தளமாக வைத்து ஜாஸைக் கட்டினார்கள்.

நடனக்காரர்களில் ‘கியூபன் பீட்’ எண்டு பேர் எடுத்த பெட்ரோ அகிலார் உண்மையில் புவேர்ட்டோ ரிக்கர். அவரின் ஜோடி மில்லி டொனே இத்தாலிய அமெரிக்கப் பெண். கறுப்பு நிறத்தவரும் வெள்ளையரும் சோடியாக ஆடினால் அடிதடி வரக்கூடிய நாட்டில், இருவரும் பகிரங்கமாக ஆடிப் புகழடைந்தார்கள். புதன்கிழமைகளில் முதலில் வகுப்பு, பிறகு போட்டி. நடிகர்கள், நாடகக்காரர் எல்லாரும் வந்து பார்த்தார்கள். சல்சா எண்டு பிறகு உலகம் ஆடினதில் முக்கால்வாசி இந்த மாடியில் வடிவம் எடுத்தது எண்டு சொன்னாலும் தகும். 1966இல் மண்டபம் மூடப்பட்டது.

1957 செப்டெம்பர் 26 அன்று வின்டர் கார்டன் தியேட்டரில் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ தொடங்கினது. நகைச்சுவை அல்ல, துயரக்கதை. ஆனால் அதன் மண்டப நடனக் காட்சியில் மம்போ வெடிக்கிற இடம் புரோட்வே வரலாற்றிலேயே மறக்க முடியாதது. பேர்ன்ஸ்டைன் இசை, ஜெரோம் ரொபின்ஸ் நடனம். ஆக்கின நாலு பேரில் ஒருவரும் புவேர்ட்டோ ரிக்கர் இல்லை. 1961 படத்தில் கதாநாயகி மரியாவாக நடித்தது நடாலி வூட். உண்மையான புவேர்ட்டோ ரிக்கரான ரீட்டா மொரேனோ அனிட்டாவாக நடித்து ஒஸ்கார் வாங்கினார். ஆனால் அவர் முகத்துக்கும் கறுப்பு மை பூசினார்கள். எல்லாப் புவேர்ட்டோ ரிக்கரும் ஒரே நிறமாகத் தெரியவேணுமாம். படத்தின் தெருக் காட்சிகளில் சில, இடிக்கப்படவிருந்த குடியிருப்புகளில் எடுக்கப்பட்டன. சான் ஹுவான் ஹில் எண்ட அந்தப் பகுதியில் வாழ்ந்த கறுப்பு, புவேர்ட்டோ ரிக்கக் குடும்பங்களை எழுப்பிவிட்டுத்தான் லிங்கன் சென்டர் எண்ட கலை மாளிகை கட்டப்பட்டது. அவர்களின் கதை என்ற பேரில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களின் வீடுகள் மண்ணாகிக்கொண்டிருந்தன.

தாங்களே எழுதினபோது

தங்கட கதையைத் தாங்களே எழுதிப் புரோட்வேயின் பெரிய மேடையில் வென்றது கனகாலம் கழித்து. 2008 மார்ச்சில் ‘இன் த ஹைட்ஸ்’ தொடங்கியது. புவேர்ட்டோ ரிக்கப் பெற்றோரின் மகன் லின்-மனுவல் மிராண்டாவின் இசை. வாஷிங்டன் ஹைட்ஸ் எண்ட பேட்டையில் ஒரு பெட்டிக்கடைக்காரப் பெடியன், முடி வெட்டுகிற கடைப் பெண்கள், வாடகை கூடினதால் இடம் மாறவேண்டிய சனம். சல்சாவும் மெரெங்கேயும் ராப்பும் அவர்களின் அன்றாடப் பேச்சாக வருகுது. அந்த வருஷம் சிறந்த இசை நாடகத்துக்கான ரொனி விருது அதற்குத்தான். நடந்த அரங்கின் பேர் ரிச்சர்ட் ரொஜர்ஸ் தியேட்டர். ‘டூ மெனி கேர்ள்ஸ்’ஸுக்கு இசையமைத்தவரின் பேர்.

ஆனால் 2021இல் அது படமாக வந்தபோது ஒரு கேள்வி எழும்பினது. கறுத்த தோலுள்ள டொமினிக்கர்கள் நிறைய வாழும் பேட்டையைப் பற்றின படத்தில் முக்கிய பாத்திரங்களில் அவர்கள் எங்கே? நடனக் கூட்டத்தில் இருக்கிறார்கள், முன்வரிசையில் இல்லை. மிராண்டா மன்னிப்புக் கேட்டார். அதாவது, சொந்தச் சனமே கதையைக் கையில் எடுத்த பிறகும், அந்தப் பழைய தெரிவு உள்ளே இருந்தது. 2025இல் ‘புவெனா விஸ்டா சோஷல் கிளப்’ புரோட்வேக்கு வந்தபோது அந்த நாடகம் இந்த இடத்தைத் தொடப் பார்த்தது. புவெனா விஸ்டா எண்டது ஹவானாவில் வெள்ளையரின் கிளப்புகளுக்குள் விடப்படாத கறுப்பு மக்கள் தங்களுக்கெண்டு வைத்திருந்த கூடம். கியூப இசைக்கலைஞர்கள் மேடையிலேயே வாசித்தார்கள். இசைக்குழுவுக்கே சிறப்பு ரொனி கிடைத்தது. மேளக்காரனைத் திரைக்குப் பின்னால் வைக்காமல் நடுமேடையில் உட்கார வைக்க இவ்வளவு காலம் எடுத்திருக்கு.

பைலா போடுற எங்களுக்கு

இதெல்லாம் தூரத்து நாட்டுக் கதை எண்டு நினைக்கலாம். ஆனால் எங்கட கல்யாண வீடுகளிலும், பாடசாலைச் சுற்றுலா பஸ்ஸிலும், மட்டக்களப்பில் இருந்து கொழும்பு வரைக்கும் சனம் போடுகிற ஆட்டத்தின் பேர் பைலா. ‘பைலார்’, ஆடுதல் எண்ட போர்த்துக்கீசச் சொல்லில் இருந்து வந்தது. அதன் வேரில் இருக்கிறது கஃப்ரிஞ்ஞா. அந்தப் பேருக்குள்ளேயே காப்பிரி மக்கள் இருக்கிறார்கள். போர்த்துக்கீசரும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் ஆபிரிக்காவில் இருந்து போர்வீரராகவும் அடிமைகளாகவும் கொண்டுவந்த மக்கள் அவர்கள். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் குடும்பங்கள் இந்த ஆட்டத்தைக் கல்யாணங்களில் காப்பாற்றி வந்தார்கள். பிறகு பொலிஸ் உத்தியோகத்தரான வொலி பஸ்தியான்ஸ் சிங்களத்தில் பைலாவைப் பாடிப் பரப்பினார். 1960களில் ‘லொஸ் கபலேரோஸ்’, ‘லா சிலோனியன்ஸ்’ எண்டு ஸ்பானிஷ் சாயலில் பேர் வைத்த குழுக்கள் எங்கட நாட்டிலேயே வந்தன. கரீபியன் தாளமும் கிற்றாரும் பைலாவோடு கலந்தன. அதே ஐபீரிய வியாபாரிகள், அதே கடல், அதே ஆபிரிக்கத் தாளம். கியூபாவுக்குப் போனது போலவே இங்கேயும் வந்திருக்கு.

புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பியடி எண்ட ஊரில் காப்பிரி வழிவந்த குடும்பங்கள் இண்டைக்கும் வாழ்கின்றன. மஞ்ஞா எண்ட தங்கட பாட்டை அவர்கள் பாடுகிறார்கள். கிரியோல் போர்த்துக்கீசத்தில் அமைந்த வரிகள்; இளம் தலைமுறைக்கு அந்தப் பாஷை கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கு. கைதட்டும், கரண்டியும், சிரட்டையும்கூட அவர்களுக்கு வாத்தியந்தான். பைலாவை நாடே ஆடுது. ஆனால் அந்தக் குடும்பங்களை எங்கட பாடப்புத்தகத்தில் எத்தனை பேர் படித்தோம்? பைலாவின் வரலாற்றைச் சொல்லும் ஒரு இசை நகைச்சுவை நாடகம் நாளைக்குக் கொழும்பில் மேடையேறினால், சிறாம்பியடியில் இருந்து ஒருவராவது மேடையில் நிற்பாரா, அல்லது யாராவது முகத்துக்கு மை பூசிக்கொண்டு வந்து பகிடி விடுவார்களா?

இசை நகைச்சுவையைப் பார்க்க வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லவில்லை. சிரிப்பும் ஆட்டமும் இல்லாட்டி இந்தத் தாளங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்காது. மச்சித்தோவின் குழு வாசிக்கிறதைக் கேட்டுப் பாருங்கோ, கால் தானாக அசையும். ‘ஐ லவ் லூசி’யில் ஆர்னாஸ் மேளத்தோடு நிற்கிற காட்சியையும் பாருங்கோ. பார்த்துவிட்டு, சாந்தியாகோவின் லொஸ் ஒயோஸ் பேட்டையின் கொங்காவையும் ஒருக்கால் தேடிக் கேளுங்கோ. மேயரின் தடைக்குப் பிறகும் அவர்கள் விடவில்லை. இண்டைக்கும் ஒவ்வொரு யூலையிலும் அந்தச் சீனக் குழல் ஊத, தெரு நிறையச் சனம் நடக்குது. வரிசை கட்டி இடுப்பைப் பிடிக்கிறதும் இல்லை, நாலாவதில் உதைக்கிறதும் இல்லை. ஆளோடு ஆள் நெருங்கி, கால்களை நிலத்தில் உரசி, தாளத்தோடு முன்னால் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.